நீட்டிய கால்

எங்கள் பக்கத்தில் எழவு வீட்டு நாற்காலி ஆம்பளைகளுக்கானது. வாடகைக் கடையிலிருந்து வண்டியில் வந்து இறங்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பந்தலுக்கடியில் போட்டுக்கொண்டு மழையைப் பற்றியும் தேர்தலைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பார்கள். பெண்களுக்குத் தரை. துக்கத்துக்கு வருகிற பெண் தெருமுனையிலேயே கொண்டையை அவிழ்த்துவிட்டு, அழுதபடி உள்ளே போய், இறந்தவரின் தலைமாட்டில் இருக்கிற உரிமைக்காரியின் முன்னால் தரையில் உட்கார்ந்து, அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். அந்த ஒரு கட்டிப்பிடிப்பில் பத்து வருஷப் பகை தீர்ந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன். அது இல்லாமல் போனதால் ஆரம்பித்த பகையையும் பார்த்திருக்கிறேன். பரவை சோலையம்மாளுக்கு நேர்ந்தது இரண்டாவது.

மூன்று வருஷத்துக்கு முந்திய பங்குனியில் அவளுடைய அண்ணன் நல்லகாமன் தேனூரில் செத்துப்போனார். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர் வரப்பிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். நல்லகாமனின் பெண்சாதி சீனியம்மாள், சோலையம்மாளுடைய புருஷன் தவசிக்குக் கூடப் பிறந்த அக்கா. இந்த வீட்டுப் பெண்ணை அங்கே கொடுத்து, அந்த வீட்டுப் பெண்ணை இங்கே எடுத்த சம்பந்தம். அப்படிப்பட்ட குடும்பங்களில் நல்லது நடந்தால் இரட்டைச் சந்தோஷம், ஒன்று கோணினால் இரண்டு வீட்டிலும் உலை வேகாது.

அன்றைக்குச் சோலையம்மாள் அழுதுகொண்டுதான் உள்ளே போனாள். சீனியம்மாள் அவளைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் நீட்டினாள். சோலையம்மாள் குனிந்தாள். பாதி குனிந்தவள் அப்படியே நின்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். நிலைப்படி ஓரத்தில் யாரோ ஆம்பளை விட்டுப்போன நாற்காலி ஒன்று கிடந்தது. அதில் உட்கார்ந்து வலது காலை நேராக நீட்டிக்கொண்டு, முந்தானையை வாயில் அடைத்து அழுதாள். நீட்டிய கால் நல்லகாமனின் உடம்பைப் பார்த்தபடி இருந்தது.

"கூடப் பொறந்தவன் பொணத்துக்கு நேரா காலை நீட்டிக்கிட்டு சேர்ல உக்காந்தா." இந்த ஒரு வாக்கியம் கருமாதிக்குள் தேனூரிலிருந்து சமயநல்லூர் வந்து, பரவை தாண்டி, விளாங்குடி வரைக்கும் போய்விட்டது. கருமாதியன்று சீனியம்மாள் தம்பியைக் கூப்பிட்டு, "நான் கைய நீட்டினேன்டா. நின்னுக்கிட்டே பாத்தா. இனி அவ மூஞ்சியில நான் முழிக்க மாட்டேன்" என்றாள். தவசி அன்றைக்கு வீட்டுக்கு வந்து பெண்சாதியைப் பார்த்துச் சொன்ன சொல் ஒன்று உண்டு. அதற்குப் பிறகு மூன்று வருஷம் அவர் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "சோறு" என்பார். "சாவி" என்பார். மற்றதெல்லாம் சுவருக்குச் சொல்வார். அவளும் சுவருக்கே பதில் சொல்லப் பழகிக்கொண்டாள். எனக்கு மூன்று பேர் மேலும் கோபம்தான். ஒருத்தர் வாயைத் திறந்திருந்தாலும் ஒரு நாழிகையில் முடிந்திருக்கும். ஆனால் வாயைத் திறப்பது லேசான காரியமாக இருந்தால் மனுஷருக்குள் சண்டையே இருக்காது.

சோலையம்மாளுக்குப் பரவை மார்க்கெட்டில் சின்ன வெங்காயத்தில் அழுகல் பொறுக்குகிற வேலை. விடிந்ததும் மண்டி முன்னால் வெங்காயத்தைக் கொட்டுவார்கள். பெண்கள் சாக்கை விரித்துக் குந்தி, வட்டமாக உட்கார்ந்து, நல்லது ஒரு பக்கம், நசுங்கியது ஒரு பக்கம், முளைவிட்டது ஒரு பக்கம் என்று தள்ளிக்கொண்டே போவார்கள். சோலையம்மாள் மட்டும் ஒரு தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்காருவாள். "எழவு வீட்லயே சேர் கேட்டவ, இங்க சிம்மாசனம் கேக்க மாட்டாளா" என்பார்கள் கூட வேலை பார்க்கிறவர்கள். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். அவளும் சிரித்துவிட்டு வெங்காயத்தைப் பார்த்துக் குனிந்துகொள்வாள். கண்ணில் தண்ணீர் வந்தாலும் அந்த வேலையில் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை.

போன ஐப்பசியில் ஒரு நாள் வேலை முடிந்து மற்றவர்கள் எழுந்தபோது அவள் எழவில்லை. வலது கால் வரவில்லை. இரண்டு லோடுமேன்கள் கையைக் கொடுத்துத் தூக்கி, வெங்காய மூட்டை ஏற்றுகிற ஆட்டோவில் உட்காரவைத்து வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினார்கள். தவசி கொத்தனார். வயசு அறுபத்தாறு ஆனதால் பெரிய வேலைக்குப் போவதில்லை, பூச்சு வேலை, ஓதம் அடிக்கிற சுவர் என்று சில்லறை வேலைதான். அன்றைக்கு வீட்டில்தான் இருந்தார். பெண்சாதியை மூட்டை மாதிரி இறக்குவதைப் பார்த்ததும் வாசலுக்கு வந்தார். "என்ன" என்றார், சுவரைப் பார்க்காமல்.

மறுநாள் பெரியாஸ்பத்திரி. படம் எடுத்து, சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, உள்ளே போகப் பதினோரு மணி ஆகிவிட்டது. டாக்டர் சுஷ்மாவுக்கு முப்பது வயசுதான் இருக்கும். படத்தை வெளிச்சத்தில் மாட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"எத்தனை நாளா வலிக்குதும்மா?"

"ஆறு மாசமா."

"ஆறு மாசத்துல எலும்பு இப்படி ஆகாதும்மா. இங்க பாருங்க. தொடை எலும்புக்கு மேல இந்தப் பந்து உருண்டையா இருக்கணும், இடுப்புக் கிண்ணத்துல உருளணும். உங்களுக்குச் சப்பையாப் போயிருக்கு. ரத்தம் போகாம எலும்பு செத்துப்போச்சு. நாலு வருஷம் இருக்கும், அஞ்சுகூட இருக்கலாம். இத்தனை நாள் எப்படி நடந்தீங்க?"

தவசிதான் கேட்டார்.

"நாலு வருசமாவா?"

"கண்டிப்பா. பந்தையும் கிண்ணத்தையும் எடுத்துட்டுப் புதுசு வைக்கணும். காப்பீட்டு அட்டையிலயே செஞ்சுக்கலாம். அப்புறம் நல்லா நடக்கலாம், பஸ் ஏறலாம். ஒண்ணே ஒண்ணு, தரையில உட்காரக் கூடாது. குந்தக் கூடாது, சம்மணம் போடக் கூடாது. மீறி உட்கார்ந்தா பந்து கிண்ணத்தை விட்டுக் கழண்டுரும்."

"எம்புட்டு நாளைக்குத் தாயி?" என்றாள் சோலையம்மாள்.

"எப்பவுமே உட்காரக் கூடாதும்மா."

"அப்ப எனக்கு ஆப்ரேசன் வேணாம்."

டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் பைக்குள் சீட்டை மடித்து வைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடைப் பெஞ்சில் அவளை உட்காரவைத்து, தவசி இரண்டு டீ வாங்கிவந்தார். ரோட்டில் பஸ்கள் ஊதிக்கொண்டு போயின. அவர் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். நாலு வருஷத்திலிருந்து மூன்று வருஷத்தைக் கழிக்க அவருக்கு அவ்வளவு நேரம் ஆனது.

"அன்னைக்கே வலியா?"

"என்னைக்கு?"

"மச்சான் செத்த அன்னைக்கு."

"அதுக்கு முந்துன வருசமே வந்துருச்சு."

"சொல்லக் கூடாதா?"

"எங்கண்ணன் பொணமாக் கெடக்காரு. மதினி தலைய விரிச்சுப்போட்டு உக்காந்திருக்காக. அவுககிட்டப் போயி எனக்கு இடுப்பு வலிக்குதுன்னு சொல்லவா?"

"உக்காந்திருந்தா என்ன. பல்லக் கடிச்சுக்கிட்டு."

"உக்காந்தா எந்திரிக்க முடியாது. நாலு பேரு தூக்கணும். எங்கண்ணனத் தூக்க வந்தவுக என்னையத் தூக்கிக்கிட்டு நிக்கவா? அதுக்குத்தான் நின்னேன்."

"சரி, அப்புறமாச்சும் சொல்லியிருக்கலாம்ல."

சோலையம்மாள் டீ கிளாசைப் பெஞ்சில் வைத்தாள். "அப்புறம் சொன்னா சாக்குன்னுதான சொல்லுவீங்க. கருமாதி அன்னைக்கு வீட்டுக்கு வந்து நீங்க என்ன சொன்னீங்க, ஞாவகம் இருக்கா? ஒன் நெஞ்சுல ஈரமே இல்லடி, ஒனக்கு அண்ணன் வேற கேடான்னு சொன்னீங்க. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல."

அந்தச் சொல்லைத் தவசி மறக்கவில்லை. அவள் மறந்திருப்பாள் என்று நினைத்திருந்தார், அவ்வளவுதான்.

"இப்ப ஏன் ஆப்ரேசன் வேணாங்குற?"

"எங்கண்ணனுக்கு நான் இன்னும் அழுகலங்க. தனியா அழுதது கணக்கில்ல. ஒரு தடவ மதினி முன்னால தரையில உக்காந்து, அவுக கழுத்தக் கட்டிப்பிடிச்சு அழுகணும். அது ஒண்ணு பாக்கி இருக்கு. இரும்ப உள்ள வச்சுட்டா அதுவும் போச்சு."

மறுநாள் தவசி எக்ஸ்ரே உறையைப் பிளாஸ்டிக் பைக்குள் சுருட்டி, மழையோடு மழையாகத் தேனூருக்குப் போனார். சீனியம்மாள் ஆட்டுக் கொட்டகையில் அகத்திக் கொப்பைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். நல்லகாமன் போன பிறகு வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஆறு ஆடு வைத்திருக்கிறாள். தவசி படத்தை எடுத்துக் கொட்டகை வாசலில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார்.

"என்னடா இது?"

"சோலையோட இடுப்புக்கா. இந்தா, இது நல்ல பக்கம். உருண்டையா இருக்கு பாரு. இது வலது பக்கம். சப்பையாப் போச்சு. எலும்பு செத்து நாலு வருசம் ஆச்சாம். டாக்டரம்மா சொல்லுச்சு."

சீனியம்மாள் படத்தை வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பிடித்துப் பார்த்தாள். நனைந்த கையின் ஈரம் படத்தில் ஒட்டியது. முந்தானையால் துடைத்தாள்.

"எனக்கு இதுல என்னடா தெரியும். வெள்ளையா இருக்கு."

"அன்னைக்கு அவளால உக்கார முடியலக்கா. திமிர்ல நிக்கல."

"நீ சொல்ற."

"நான் எதுக்குப் பொய் சொல்றேன்?"

"நீ பொய் சொல்றன்னு நான் சொல்லல." சீனியம்மாளின் குரல் இறங்கியது. "மூணு வருசமா நான் நீட்டுன கை அப்படியே நிக்குதுடா தவசி. ராவுல திரும்பிப் படுத்தாலும் நிக்குது. சம்பந்தமில்லாத சனமெல்லாம் என்னையக் கட்டிப்பிடிச்சு அழுதுச்சு. எம்புருசன் கூடப் பொறந்தவ அழுகல. அதப் படத்தக் காமிச்சு ஆத்த முடியுமா? அவ வந்து தரையில உக்காந்து எங்கிட்டச் சொல்லட்டும். அப்பப் பாக்கலாம்."

"அதத்தான் அவளும் கேக்குறா."

"அப்பக் கூட்டிட்டு வா."

தவசி வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னார். சோலையம்மாள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "உக்காந்து பாக்குறேன்" என்றாள். அவர் வேண்டாம் என்று சொல்வதற்குள் குனிந்துவிட்டாள். கால்வாசி இறங்கியிருப்பாள். இடுப்புக்குள் ஏதோ ஒன்றில் ஒன்று உரசுகிற சத்தம் தவசிக்கே கேட்டது. அவள் கத்தவில்லை. வாயைத் திறந்தபடி அவர் தோளில் சாய்ந்தாள், அவர் அவளை அள்ளிக் கட்டிலில் போட்டார். வேர்த்து ஜாக்கெட்டெல்லாம் நனைந்திருந்தது. அறுவை செய்யாவிட்டால் உட்கார முடியாது, செய்தால் உட்காரக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் அவள் கேட்ட அந்த ஒரு தடவைக்கு இடமே இல்லை என்பது அன்றைக்கு இரண்டு பேருக்கும் தெரிந்துபோனது.

"நாள் குறிக்கச் சொல்லுங்க" என்றாள்.

அறுவைக்கு முன்னால் வீட்டைத் தயார் செய்ய வேண்டும் என்று பிசியோதெரபி பார்க்கிற நாகஜோதி ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தாள். கட்டில் உயரமாக இருக்க வேண்டும். நிலைப்படி தடுக்கக் கூடாது. கக்கூஸ் நாற்காலி மாதிரி உட்காருகிற வகையாக இருக்க வேண்டும். தவசி கோச்சடையிலும் விளாங்குடியிலும் எத்தனையோ வீடுகளுக்கு அந்த வகைக் கக்கூஸ் பதித்திருக்கிறார். அவர் வீட்டில் இருந்தது குந்துகிற கக்கூஸ்தான். உளியும் சம்மட்டியும் எடுத்து அதைத் தானே உடைத்தார். நாலு வருஷமாக அவள் இதில் எப்படிக் குந்தி எழுந்திருப்பாள் என்று நினைத்தபோது சம்மட்டி வேகமாக விழுந்தது. பக்கச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு இடம் சாந்து தேய்ந்து பளபளவென்று இருந்தது. அவள் கை ஊன்றி ஊன்றித் தேய்ந்த இடம். தினமும் அதே கக்கூசுக்குப் போய்வந்த கொத்தனார் கண்ணில் அது படவில்லை.

பதினைந்து அங்குல உயரப் பீங்கானை வாங்கி வந்து வைத்துப் பார்த்தபோதுதான் சந்தேகம் வந்தது. முழங்காலை விட உட்காருகிற இடம் உயரமாக இருக்க வேண்டும் என்று சீட்டில் இருந்தது. டேப்பை எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"காலக் கொடு."

"எதுக்கு?"

"அளவு பாக்கணும்."

குதிகாலைத் தன் உள்ளங்கையில் வைத்து, டேப்பை முழங்கால் வரைக்கும் இழுத்தார். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவர் கை அவள் மேல் இப்படிப் படுகிறது. பதினேழரை அங்குலம். அளவு பார்த்து முடிந்த பிறகும் காலைக் கீழே விடவில்லை.

"நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது சோலை."

அவள் அவருடைய நரைத்த உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எம்புட்டு இருக்கு?" என்றாள்.

"பதினேழர."

"அப்ப மேடை கட்டுங்க. பதினஞ்சுதான் அது."

நாலு அங்குலத்துக்கு மேடை கட்டி, அதன்மேல் பீங்கானை ஏற்றி, கைப்பிடிக்குக் குழாய் வளைத்துப் பதித்தார். கட்டில் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்தார். ஒரு வாரம் தண்ணீர் ஊற்றி மேடையை ஆறவிட்டார். ஊருக்கெல்லாம் செய்த வேலையில் அதுதான் ஒழுங்கான வேலை என்று அவரே பின்னால் சொல்லியிருக்கிறார்.

கார்த்திகையில் அறுவை நடந்தது. மகள் தமிழ்வாணி திருப்பூரிலிருந்து வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனாள். அதன் பிறகு எல்லாம் தவசிதான். இரண்டு தொடைக்கும் நடுவில் தலையணை வைத்துப் படுக்கவைப்பது, வாக்கரைப் பிடித்து நடக்கவைப்பது, வலது காலை எடுத்துக் கட்டிலில் வைப்பது, உயரமான ஸ்டூல் போட்டுக் குளிக்க ஊற்றுவது. அவர் வைத்த குழம்பை வாயில் வைத்துவிட்டு, "சிமெண்ட் ரெண்டு சட்டி கூடப்போச்சு போல" என்று அவள் சொன்னாள். அந்த வீட்டில் நெடுநாளைக்குப் பிறகு கேட்ட வேடிக்கைப் பேச்சு அது. நாகஜோதி வாரம் ஒரு தரம் வந்து காலை மடக்கி நீட்டச் சொல்லிக் கொடுப்பாள். போகும்போதெல்லாம் ஒரே பாட்டுத்தான்: "எதுனாலும் கீழ விழுந்தா விட்டுருங்கம்மா, குனியாதீங்க. தரைய மறந்துருங்க."

சீனியம்மாள் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. வீட்டுக்கும் வரவில்லை. சோலையம்மாள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, ஆனால் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கிப் பார்ப்பாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தவசி காலையிலேயே எங்கோ போய் ஆட்டுக்கால் வாங்கிவந்து, மிளகு தட்டிப்போட்டுச் சூப்பு வைத்தார். இரண்டாவது ஞாயிறு அவள் கிண்ணத்தை மோந்து பார்த்தாள்.

"இது எங்க வாங்குனது?"

"கடையில."

"கடையில கேஸ்ல வாட்டுவாக. இது வைக்கோல்ல வாட்டி மஞ்ச தேச்சது."

தவசி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தேனூரில் வைக்கோலைக் கொளுத்தி, ஒரு மயிர் இல்லாமல் கால் வாட்டுகிறவள் யார் என்று அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் கேட்கவில்லை. சூப்பைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, எலும்பை உறிஞ்சி, கிண்ணத்தை நீட்டினாள். ஆட்டுக்கால் வாரா வாரம் வந்தது. ஆள் வரவில்லை.

மாசிக் கடைசியில் தேனூரில் தவசியின் சித்தப்பா மொக்கையன் செத்துப்போனார். தொண்ணூறு தாண்டிய மனுஷர், பேரன் பேத்தி எடுத்தவர், படுக்கையில் கிடக்காமல் போய்ச் சேர்ந்தவர். கொட்டு மேளத்தோடு எடுக்க வேண்டிய கல்யாணச் சாவு. சோலையம்மாள் அப்போது வாக்கரை விட்டுக் கம்புக்கு வந்திருந்தாள்.

"நானும் வாரேன்" என்றாள்.

"நீ எதுக்கு? நான் போய்த் தலையக் காட்டிட்டு வாரேன்."

"சின்ன மாமனாரு. போகாம இருந்தா அதுக்கும் ஒரு பேச்சு வரும்."

"வந்தா வாசல்ல நின்னு கும்புட்டுட்டுத் திரும்பிரணும். உள்ள போயி..." அவர் முடிக்கவில்லை.

"சரி" என்றாள் அவள். அந்தச் சரியில் அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

ஆட்டோ சீட்டில் இரண்டு தலையணை போட்டு, முதலில் முதுகைக் காட்டி உட்காரவைத்து, பிறகு காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்து அழைத்துப்போனார். வைகைப் பக்கமிருந்து வெக்கையான காற்று வந்தது. தேனூரில் இறங்கும்போது கொட்டுச் சத்தம் தெருவை அடைத்துக்கொண்டிருந்தது. தவசி பந்தலோடு நின்றுவிட வேண்டியிருந்தது. சோலையம்மாள் கம்பை ஊன்றி, கொண்டையை ஒரு கையால் அவிழ்த்துவிட்டு, உள்ளே போனாள்.

அவள் நிலைப்படியைத் தாண்டியதும் பெண்களின் அழுகை கொஞ்சம் தணிந்தது. எல்லோரும் பார்த்தார்கள். மொக்கையனின் மகள் தலைமாட்டில் இருந்தாள், அவள் பக்கத்தில் சீனியம்மாள். சீனியம்மாள் தலை நிமிர்ந்து பார்த்தாள். கையை நீட்டவில்லை. ஒரு தடவை நீட்டிப் பார்த்த கை, எப்படி நீளும். நிலைப்படி ஓரத்தில் அன்றைக்குப் போலவே ஒரு நாற்காலி கிடந்தது. ஒருத்தி அதையும் சோலையம்மாளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சோலையம்மாள் நாற்காலிப் பக்கம் திரும்பவில்லை. நேராகச் சீனியம்மாள் முன்னால் போய் நின்றாள். கம்பைச் சுவரில் சாத்தினாள். மூன்று மாதம் தூக்கி நடத்திய புருஷன், கட்டிய மேடை, நாகஜோதியின் பாட்டு எல்லாம் அவளுக்கு நினைவிருந்தது. கழன்றால் கழலட்டும் என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்திருந்தாள். இடது கையைச் சுவரில் ஊன்றி, முழங்காலை மடக்கி, இறங்க ஆரம்பித்தாள்.

"உக்காராத."

சீனியம்மாளின் குரல்தான். கொட்டுச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"உக்காராதடி. கழண்டுரும்."

சொல்லிக்கொண்டே அவள் எழுந்தாள். அறுபத்தெட்டு வயசு முழங்கால், சட்டென்று வரவில்லை. பக்கத்தில் இருந்தவள் தோளில் கையை ஊன்றி, ஒரு காலை மடக்கி, மற்றதை இழுத்து, பெருமூச்சோடு எழுந்து நின்றாள். துக்க வீட்டில் தலைமாட்டில் உட்கார்ந்தவள் எழுந்து போய் எதிர்கொள்வது எங்கள் பக்கத்தில் இல்லாத வழக்கம். அவள் இரண்டு கையையும் நீட்டி, நின்றபடியே சோலையம்மாளின் கழுத்தைக் கட்டினாள்.

"மதினி, எங்கண்ணே..." என்றாள் சோலையம்மாள். மூன்று வருஷம் வாயில் முந்தானையை அடைத்து வைத்திருந்த அழுகை ஒட்டுமொத்தமாக வந்தது. சீனியம்மாளும் தலையோடு தலை சேர்த்து அழுதாள். வரப்பில் உட்கார்ந்தவர் திரும்பி எந்திரிக்கலையே என்று அழுதாள். தண்ணி பாச்சப் போனவருக்கு ஒரு வாய்த் தண்ணி கொடுக்க ஆளில்லையே என்று இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்லி அழுதார்கள். கீழே உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். செத்துக் கிடப்பவர் தொண்ணூறு தாண்டி வீட்டில் போனவர். வரப்பும் தண்ணீரும் எங்கிருந்து வந்தது என்று புரிய அவர்களுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்த பிறகு அவர்களும் சேர்ந்து அழுதார்கள்.

மொக்கையனின் மகள் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். "எங்கய்யாவுக்கும் ரெண்டு சொல்லு சொல்லி அழுதுருங்கத்தா" என்றாள், மனத்தாங்கல் இல்லாமல்.

சீனியம்மாள் மூக்கைச் சிந்திவிட்டு வாசலைப் பார்த்துத் தம்பியைக் கூப்பிட்டாள். "தவசி, இவளுக்கு ஒரு சேரு கொண்டா."

தவசி நிலைப்படி வரைக்கும் வந்து நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று யாருக்கும் தெரியாது. அங்கே கிடந்த நாற்காலியை எடுத்தார். கொத்தனார் கண்ணால் ஒரு தரம் அளந்தார். உயரம் போதாது. பந்தலுக்குப் போய் இன்னொன்றை எடுத்துவந்து அதன்மேல் அடுக்கி, இரண்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு பெண்கள் விலகிவிட்ட வழியாக உள்ளே வந்தார். ஒரு நாற்காலியில் உட்கார்ந்ததற்கு மூன்று வருஷம் பேசிய சனம், இரண்டு நாற்காலியைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தது.

சோலையம்மாளைப் பிடித்து உட்காரவைத்தார். வலது கால் தானாக நேராக நீண்டது. மொக்கையனின் உடம்புக்கு நேராக அது போவதைப் பார்த்ததும் அவள் பதறிக் காலை இழுக்கப் பார்த்தாள். அவள் காலடியில் மறுபடி தரையில் உட்கார்ந்துவிட்ட சீனியம்மாள் அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்துத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"நீட்டியே வையி ஆத்தா" என்றாள்.